களவெட்டியில் சொல்லும் சொல்

தெமட்டகொடை, கொழும்பு
6.1.1980

அன்புள்ள ஸகியா மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயந்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வேலையாக எழுதுகிறேன்.

போன வருடம் சிறுவர் ஆண்டுக்கென்று தொடங்கிய புத்தகம், ஆண்டு போன பிறகும் என் மேசையில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கான சொற்புத்தகம். தினமும் சொல்கிறோம், ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று தெரியாத சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நிரல் போட்டிருக்கிறேன்: சொல், பொருள், பிறந்த இடம். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தக் கடுதாசி போர்த்துக்கீசருடன் கப்பலில் வந்த சொல். அலவாங்கும் சப்பாத்தும் அப்படித்தான். கக்கூசை ஒல்லாந்தர் விட்டுப் போனார்கள். நம் கலியாணத்துக் காவின் பாரசீகத்துச் சொல். இவற்றுக்கெல்லாம் என்னிடம் ஆதாரம் உண்டு. ஆதாரம் இல்லாத எதையும் மூன்றாம் நிரலில் எழுதுவதில்லை என்பது என் விதி.

களவெட்டிச் சொற்களில்தான் சிக்கல். கதிர்ச் சூட்டை மிதித்து நெல் பிரிக்கும் களத்துக்குள் போய்விட்டால் நம் ஆட்கள் கடகத்தைக் கடகம் என்பதில்லை, பெருவாயன் என்கிறார்கள். எருமை வாரிக்காலன். வைக்கோலைக் கிளறும் தடி வேலைக்காரன். அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணாமல் பொலி என்கிறார்கள். போதும், முடிந்தது, இல்லை என்ற சொற்களை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. கேட்டால், பூதம் நெல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்கள். நான் பிள்ளைகளுக்குப் பூதத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது. வேறு காரணம் இருக்க வேண்டும். பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். காக்காவிடம் கேட்டு எழுதுங்கள்.

கூடப்பிறந்த மூத்தவருக்கு நேரே எழுதாததற்குக் காரணம், நீங்கள் எங்கள் குடும்பத்துக்கு வருவதற்கு முந்திய கதை. அவர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. என் பக்கம் இதுதான்: 1954இல் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவள், செருப்புக் காலோடு களவெட்டிக்குள் போய்க் கொப்பியைத் திறந்து, "முடிஞ்சுதா காக்கா? எத்தின மூடை?" என்று கேட்டேன். அன்று பின்னேரம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. அளக்காத நெல் அவ்வளவும் முளைத்துவிட்டது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் இருந்தது. அதை நான் அன்றே சொன்னேன். காக்கா ஏசவில்லை. "நீ படிச்சவ. இனி இஞ்ச வராத" என்றார். இருபத்தாறு வருடமாக நாங்கள் மௌத்து வீடுகளில் மட்டும் சுகம் விசாரித்துக்கொள்கிறோம்.

மகள் நதீராவைக் கேட்டதாகச் சொல்லவும்.

றாஹிலா


நிந்தவூர்
19.1.1980

மச்சி றாஹிலாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் பட்டியலை அவரிடம் கேட்க வழியில்லை. மறைத்ததற்குக் கோபிக்க வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் போய் ஒன்பதாம் நாள், சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் வாசற்படியில் விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் இப்போது பரவாயில்லை, பொல்லூன்றி நடக்கிறார். பேச்சுத்தான் போய்விட்டது.

போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, மச்சி. தொழுகையில் ஓதுவதெல்லாம் பிசகாமல் ஓதுகிறார். ஸலாம் கொடுத்துத் திரும்பினால் தண்ணீர் கேட்கத் தெரியாது. "அது... அது..." என்பார். போன கிழமை என்னைக் கூப்பிட நினைத்து "மம்பட்டி" என்றார். "ஓம், மம்பட்டிதான். இருவத்தஞ்சி வருசமா உங்களோட கொத்திக்கிட்டுத்தானே இரிக்கன்" என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். உங்களுக்கு அறிவிக்க வேண்டாம் என்று கையால் காட்டினவரும் அவர்தான். உங்கள் முன்னால் சொல் கிடைக்காமல் நிற்க வெட்கம்.

நதீராவுக்கு ஏப்ரல் ஆறாம் திகதி காவின். மாப்பிள்ளை அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்த வாத்தியார். மகளைத் தருகிறேன் என்று வாப்பா வாயால் சொல்ல வேண்டும் அல்லவா? வாய் வராதவர் சைகை காட்டினால் போதும் என்றார் பள்ளிவாசல் லெப்பை. இல்லாவிட்டால் அவருக்குப் பதிலாகச் சொல்லும் வக்கீலாக உங்கள் தம்பி காலிதீனை வைக்கலாம் என்றார். காலிதீன் கைநாட்டு வாங்கக் கடுதாசியும் மைக்கூடுமாக வந்தான். அவர் இடக்கையால் அதைத் தட்டிவிட்ட விசையில் மைக்கூடு சுவரில் போய் உடைந்தது. ஒரே ஒரு பெண்பிள்ளை. அவளைத் தன் வாயாலேயே கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார்.

ஒவ்வொரு நாளும் காலையில் நதீராவை முன்னால் இருத்திச் சொல்லிப் பார்க்கிறார். "என்ட... என்ட..." அதற்கு மேல் போகாது. மகள் என்ற சொல்லும் வராது, அவளுடைய பேரும் வராது. அவள் எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவுவாள்.

கொழும்பில் பெரிய டாக்டர்மார் இருப்பார்களே. ஒரு வசனம் சொல்ல வைக்கிற மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு வசனம்.

ஸகியா


தெமட்டகொடை
28.1.1980

அன்புள்ள மதினிக்கு,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

நரம்பு வைத்தியர் ஒருவரைப் பார்த்தேன். மனனமாய்க் கிடக்கும் ஓதலும் பாட்டும் மூளையில் ஓரிடத்தில் இருக்கின்றன, நாமாக யோசித்து எடுக்கும் சொற்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன என்கிறார். காக்காவுக்கு அடிபட்டது இரண்டாவது இடம். மருந்து கிடையாது. பயிற்சியால் மெல்ல மெல்ல வரலாம், ஆனால் ஏப்ரலுக்குள் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

ஆகவே காலிதீனையே வக்கீலாக வைப்பதுதான் புத்தி. சபை நடுவில் காக்கா தடுமாறி நின்றால் அது அவருக்கும் நதீராவுக்கும் மாறாத காயமாகிவிடும். நான் வந்து சொன்னால் அவர் கேட்கமாட்டார். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பட்டியலை மறந்துவிடுங்கள்.

றாஹிலா


நிந்தவூர்
12.2.1980

மச்சிக்கு,

உங்கள் கடிதம் நல்ல தமிழ். வாத்தியார் மாப்பிள்ளைக்குக் காட்டினால் புள்ளி போடுவார். ஆனால் அதில் உங்கள் காக்காவை நான் காணவில்லை. மூளைதான் இருந்தது. அவர் தடுமாறினால் தடுமாறட்டும், நாங்கள் தாங்கிக்கொள்வோம். முயற்சி செய்ய வேண்டாம் என்று நான் அவரிடம் சொல்லமாட்டேன்.

மறக்கச் சொன்ன பட்டியலை நான் மறக்கவும் இல்லை. முந்தாநாள் குசினியில் (இதுவும் போர்த்துக்கீசுதானா?) அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் கடகத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். சரி, எடுத்துக் கொடுத்தால் வரும் என்று உங்கள் பட்டியலைப் பார்த்து நானே உரக்க வாசித்தேன். "பெருவாயன்."

அவ்வளவுதான். தேநீர்க் கோப்பையை விட்டுவிட்டு எழும்பி வந்து இடக்கையால் என் வாயைப் பொத்தினார். முகம் வெளுத்துவிட்டது. பொத்திய கையை எடுக்காமல் பொல்லை நீட்டி மேற்கே காட்டினார். வயல் இருக்கிற இறக்காமத்துப் பக்கம். "அங்க" என்றார். "அங்க. அங்க."

அடுப்படியில் வைத்து அந்தச் சொல்லைச் சொன்னது என் பிழைதான். களவெட்டிப் பேச்சைக் களவெட்டிக்கு வெளியே எடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே தெரியும். ஆனால், மச்சி, அவர் வாயைத் திறந்து மூடினாரே, அது சொல் தெரியாதவர் மூடிய மாதிரி இல்லை. கையில் வைத்துக்கொண்டு கொடுக்காதவர் மாதிரி இருந்தது.

ஸகியா


தெமட்டகொடை
20.2.1980

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் ஏசியது சரி. (குசினி போர்த்துக்கீசுதான்.)

உங்கள் கடைசி வரியைப் பல தரம் வாசித்தேன். களவெட்டிப் பேச்சும் ஒருவகை மனனமாக இருக்கலாம். நாற்பது வருடம் ஒரே இடத்தில், ஒரே வேலையோடு, ஒரே இழுப்பில் சொன்னவை. நான் நம்பவில்லை, சோதிக்கலாம் என்கிறேன்.

அறுவடை தொடங்கியிருக்கும். அவரைக் களவெட்டிக்குக் கூட்டிப் போங்கள். யாரும் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. எல்லோரும் தங்கள் பாட்டில் வேலை செய்யட்டும். அவர் வாயிலிருந்து வருவதை வந்தபடியே எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டால் அதையும் எழுதுங்கள். நதீராவிடம் முன்கூட்டி எதுவும் சொல்ல வேண்டாம். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, நீங்களும் எதிர்பார்க்காதீர்கள்.

றாஹிலா


நிந்தவூர்
9.3.1980

மச்சி,

வந்தபடியே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ட்ராக்டர்ப் பெட்டியில் மெத்தை போட்டுக் கூட்டிப் போனோம். சூடடிப்புக்குத் தலைவராய் நிற்பவர் பெரியநீலாவணைக் கனகரெத்தினம். வயலுக்குச் சொந்தக்காரப் போடியார் இவரும் அவரும் இருபது வருடக் கூட்டு. அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அளக்கும்போது பெண்கள் உள்ளே போவதில்லை, அதனால் நான் வரம்பில் நின்றேன். கையில் கொப்பியும் பென்சிலும். உங்களைப்போல.

"போடியார் வாறார், வழி விடுங்கடா!" என்று கனகரெத்தினம் சத்தம் போட்டார். இவர் குனிய முடியாமல் செருப்பைக் காலாலேயே கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு ஓரத்தில் பொல்லை ஊன்றி நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி நடித்தார்கள். கனகரெத்தினம் அநியாயத்துக்கு நடித்தார், ஒரே இடத்து வைக்கோலைப் பத்துத் தரம் கிளறினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருவன் கடகத்தைக் கவிழ்த்துப் போட்டான். இவர் பொல்லால் நிலத்தில் ஒரு குத்துக் குத்தினார்.

"பெருவாயன நிமித்திப் போடு!"

மச்சி, நான்கு மாதத்தில் அவர் சொன்ன முதல் முழு வசனம். களவெட்டியே நின்றுவிட்டது. கனகரெத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் மனிதர் விடவில்லை. "என்னடா பாத்துக்கு நிக்கிறயள்? போடியார் சொல்றது காதில விழல்லையா?" என்றார்.

பிறகு மடை உடைத்த மாதிரி. வேலைக்காரனை எடு என்றார். வைக்கோலை உதறு என்றார். ட்ராக்டர்காரனைப் பார்த்து "உருளைக்காலன நிப்பாட்டு!" என்று ஏசினார். நெல் அளக்கத் தொடங்கியதும் முதல் மரைக்காலுக்கு அவர்தான் "பொலி" என்றார். எல்லோரும் "பொலியோ பொலி" என்றார்கள். நான் பதினேழு வசனம் எழுதினேன். பிறகு பென்சில் முறிந்துவிட்டது.

பின்னேரம் வரம்பைத் தாண்டினார். என் பக்கத்தில் வந்து, "அது... அது..." என்று தன் செருப்பைக் காட்டினார்.

வெளியே வந்ததும் போய்விட்டது. ஆனால் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும்.

ஸகியா

பி.கு: உருளைக்காலன் என்றால் ட்ராக்டர். உங்கள் பட்டியலில் இல்லை. கனகரெத்தினம் சொன்னார், எருமைக்குப் பதிலாக முதல் முதல் ட்ராக்டரை இறக்கிய வருடம், அதற்குக் களவெட்டிப் பேர் இல்லையே என்று எல்லோரும் முழிக்க, இவர்தான் யோசித்து வைத்தாராம். அறுபத்தெட்டாம் ஆண்டு.


தெமட்டகொடை
14.3.1980

மதினி,

காவினைக் களவெட்டியில் வையுங்கள்.

ஒரு கதிர்ச் சூட்டை மட்டும் மிதிக்காமல் ஏப்ரல் ஆறு வரை விட்டுவையுங்கள். அது கிடந்தால்தான் அது களவெட்டி. மிதித்து அள்ளிவிட்டால் வெறும் நிலம். எனக்கு இப்படித்தான் படுகிறது. இதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

நான் வருகிறேன்.

றாஹிலா


நிந்தவூர்
27.3.1980

மச்சிக்கு,

நீங்கள் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். இங்கே நான் பத்து வீட்டுக்குப் பதில் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் உம்மா, "பந்தல் போட்ட வீட்ட வெச்சிட்டு வைக்கலுக்குள்ளயா காவின்?" என்றார். மாப்பிள்ளை, "நான் வாத்தியார். பள்ளிக்கூடத்தில வெக்காட்டிச் சரி" என்றாராம். நல்ல பிள்ளை. புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறாராம், அதையும் வாசலில் கழற்ற வேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.

பள்ளிவாசலில் ஒருவர் எழும்பி, பூதத்துக்குப் பயந்து கதைக்கிற இடத்தில் அல்லாஹ்வுடைய பேரைச் சொல்லி நிக்காஹ் செய்வதா என்று கேட்டார். லெப்பை அவரை மேலும் கீழும் பார்த்தார். "அங்க விளையிற நெல்லத்தானே நீங்களும் நானும் தின்றம்? பிஸ்மி செல்லித்தானே அங்கயும் துவங்குற? பொலி எண்டு கேக்கிறதும் நெல் பெருகிற பரக்கத்தத்தானே?" என்றார். அதோடு கதை நின்றது.

காலிதீன் அந்தச் சூட்டுக்குக் காவல் கிடக்கிறான். இரண்டு தரம் யானை வந்து போய்விட்டது. வக்கீலாக வேண்டியவன் காவல்காரனாகிவிட்டேன் என்று சொல்லிச் சிரிக்கிறான்.

பயம் எனக்குத்தான். களவெட்டியில் அவர் சொல்வதெல்லாம் களவெட்டிச் சொல். மகள் என்பதும் நதீரா என்பதும் களவெட்டிச் சொல் இல்லையே, மச்சி? அவை அங்கே இருக்குமா? நான் இன்னும் அங்கே வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லவில்லை. வரவில்லை என்றால் ஆறாம் திகதி வரைக்கும்கூட நம்பிக்கை இருக்காது.

வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் தாழமுக்கம் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்து வாருங்கள்.

ஸகியா


தெமட்டகொடை
17.4.1980

அன்புள்ள மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமாக வந்து சேர்ந்தேன். பெட்டியைத் திறந்தால் உடுப்பு மடிப்பிலெல்லாம் வைக்கோல்.

காவின் நேரத்தில் நீங்கள் வரம்பில் என் கையைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றீர்கள். காதில் கேட்டிருப்பீர்கள், கண்டிருக்க மாட்டீர்கள். அதற்காக எழுதுகிறேன்.

வெயில் சரிந்திருந்தது. உருளைக்காலன் சூட்டை மிதித்து முடித்த தூசி இன்னும் அடங்கவில்லை. (முடித்த என்று எழுதிவிட்டேன். கடிதத்தில் பரவாயில்லை என்று நினைக்கிறேன்.) வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சோடிப் புதுச் சப்பாத்து. நெற்குவியலுக்கு ஒரு பக்கம் மாப்பிள்ளை வெறுங்காலோடு இருந்தார், மறுபக்கம் காக்கா. லெப்பை ஓதி நிறுத்தியதும் காக்கா வாயைத் திறந்தார். "என்ட..." என்றார். நின்றுவிட்டது. திரும்பவும் "என்ட..." அந்த நேரம் எனக்குள் இருந்த பழைய ஆள், நான் அன்றே சொன்னேனே என்று தொடங்கிவிட்டாள்.

கனகரெத்தினம் யாரிடமும் கேட்கவில்லை. மரைக்காலை எடுத்து நெல்லில் குத்தி, தலை நிறைய அள்ளி, காக்காவின் முன்னால் பிடித்தார். காக்கா அதைப் பார்த்தார். தோள் நிமிர்ந்தது. "பொலி" என்றார். இருபது பேர் "பொலியோ பொலி" என்றார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், அதே இழுப்பில், அதே மூச்சில், "என்ட மகள் நதீராவ உங்களுக்குக் காவின் செய்து தந்தன்" என்றார்.

மகளும் வந்தது. நதீராவும் வந்தது. இரண்டும் களவெட்டிச் சொற்கள் அல்ல. அவை எங்கே இருந்தன, எப்படி வந்தன என்று வைத்தியரிடம் கேட்டேன். இழுப்போடு சேர்ந்து வந்திருக்கும் என்றார். இருக்கலாம். ஆனால் அந்த நிமிடம் என் மேல் முடியெல்லாம் எழும்பி நின்றதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நீங்கள் காணாத இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரோடு நீங்கள் முன்னே போய்விட்டீர்கள். நெல்லை அளந்து மூடை கட்டிவிட்டார்கள். ஆட்கள் கலைந்தார்கள். காக்கா மட்டும் உள்ளே நின்றார். வரம்பில் நின்ற என்னைப் பார்த்து இடக்கையால் வா என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அந்த நிலம் காலில் பட்டது. சூடாக இருந்தது.

எல்லாம் முடிஞ்சுது காக்கா, வீட்டுக்குப் போவம் என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அப்படியே நின்றுவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பூதம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லை அந்த நெல்லுக்கு முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. "எல்லாம்... எல்லாம்..." என்று நின்றேன்.

ஐந்து மாதமாகத் தனக்கு ஒரு சொல்லை யாராவது எடுத்துத் தரமாட்டார்களா என்று எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நிறைஞ்சிட்டு எண்டு செல்லு, புள்ள."

சொன்னேன்.

புத்தகத்தை இன்று அச்சுக்குக் கொடுத்தேன். பொலிக்கு மூன்றாம் நிரலை வெறுமையாக விட்டிருக்கிறேன். என்னுடைய விதி அப்படியே இருக்கிறது, என்னிடம் ஆதாரம் இல்லை. உருளைக்காலனுக்கு இருக்கிறது. அதற்கு நேரே பிறந்த இடம் என்ற நிரலில், காக்காவின் பேரைப் போட்டு, 'நிந்தவூர் மீராமுகைதீன், 1968' என்று எழுதினேன். அச்சுக்காரர் அந்தக் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா, முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

நிறைந்துவிட்டது என்றேன்.

றாஹிலா